முனை ஒடிந்த வேல்

அத்தியாயம் ஐந்து

ஒரு மனிதன் செய்யாத கொலைக்குப் பதினோரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் ஊர் அவனுக்கு என்ன கொடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? திருத்தணியில் காகிதக் கப் கொடுத்தார்கள், கண்ணுகளா.

மலைப்படி தொடங்குகிற இடத்து டீக்கடையில் வருகிற போகிற எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். வீராசாமிக்கு மட்டும் காகிதக் கப். "எல்லாம் ஒரு சுகாதாரந்தான்" என்றார் கடைக்காரர். கடை திறந்த இருபது வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான் என்று, எதிரே ஆட்டோ போட்டிருக்கும் ஹேமநாதன் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யத் தயார்.

'இவர் குற்றமற்றவர்' என்று ஹைகோர்ட் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்ன ஆள், கொலை நடந்த அன்று ஊரிலேயே இல்லை. காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இந்தச் சின்ன விஷயம் வெளியே வரப் பதினோரு வருஷம் ஆயிற்று. அதற்குள் வீராசாமியின் மனைவி செத்துப்போனாள். ஏழு வயசில் விட்டுப்போன மகளுக்குப் பத்தொன்பது நடக்கிறது. ரேஷன் கார்டில் அவன் பெயரை வெட்ட ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. திரும்பச் சேர்க்க எட்டு மாதம் போதவில்லை. நன்றாகத் தறி ஓட்டுகிறவன்தான். ஆனால் பொதட்டூர்பேட்டையில் ஒருவரும் அவனுக்குத் தறி கொடுக்கவில்லை. கடைசியில் மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடுகிற ஒருவர், கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மயிலிறகு கட்டச் சொன்னார். முன்பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது நிபந்தனை. தங்கள் தோளில் ஏறுகிற காவடியை யார் கட்டினது என்று பக்தர்களுக்குத் தெரியக் கூடாதாம். முருகனுக்குத் தெரிந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

வீராசாமியின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கும். தீர்ப்பின் கடைசிப் பக்கம், லேமினேஷன் போட்டது. யாராவது ஒரு மாதிரி பார்த்தால் பேசாமல் அதை எடுத்து நீட்டுவான்.

அந்த லேமினேஷனைப் போட்டுக் கொடுத்தவர் புஷ்பலதா. முப்பது வருஷம் ஜில்லா கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஓய்வு பெற்ற பிறகு டீக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுவது என்று ஒரு சின்னக் கடை. அது போர்டில் எழுதியிருக்கிற தொழில். எழுதாத தொழில், காகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் பொய்யை மோப்பம் பிடிப்பது. கள்ளப் பத்திரம், செத்தவர் கையெழுத்துப் போட்ட உயில், பிறக்காத பிள்ளைக்கு வாங்கிய சர்டிபிகேட் என்று பள்ளிப்பட்டு வரைக்கும் அவரிடம் மாட்டியவர்கள் உண்டு. அந்த வேலைகளுக்கு வண்டியோட்டி, எடுபிடி, வாயாடி மூன்றும் ஹேமநாதன்.

ஒரே ஒரு விஷயம் ஹேமநாதனுக்குப் புரியவில்லை. கோயில் குருக்களே வந்தாலும் ஒரு ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாயை விடாத அம்மாள், வீராசாமியிடம் லேமினேஷனுக்கு இருபது ரூபாய் வாங்கவில்லை. "வேணாம், போ" என்றார். அவன் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள், பகல் ஒரு மணிக்கு வீராசாமியின் மகள் கல்பனா கடைக்குள் வந்தாள். பஸ் ஸ்டாண்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். கடைச் சீருடையோடு வெயிலில் ஓடி வந்திருந்தாள்.

"மேடம், அவரைப் புடிச்சினு போய்ட்டாங்க."

எட்டு மாதமாக அப்பாவை அவள் 'அவரு' என்றுதான் சொல்கிறாள்.

"யாரு?" என்றார் புஷ்பலதா.

"ஏரிக்கரைக் கண்டிகை அவுட்போஸ்ட்டு போலீசு. அங்க எங்க பழைய வூட்டுல தறிக்குழியத் தோண்டினாங்களாம். தாயம்மா சங்கிலி கெடச்சிருச்சாம். இட்டுனு போறதுக்கு அஞ்சு மணிக்கு வேன் வருதாம்."

அவ்வளவு சொன்னதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. மீதியை நான் சொல்லிவிடுகிறேன். தாயம்மாள் ஏரிக்கரைக் கண்டிகையில் தறி முதலாளி, பிள்ளைகுட்டி இல்லாதவர். அவரிடம் வேலை செய்த வீராசாமி, கழுத்துச் சங்கிலிக்காக அவரைக் கொன்றான் என்பது போலீஸ் கட்டின கதை. அந்தச் சங்கிலி அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. இப்போது பன்னிரண்டு வருஷம் கழித்து அது மண்ணிலிருந்து முளைத்திருக்கிறது. இதை வைத்து டெல்லிக்கு அப்பீல் போனால் வீராசாமி மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

"டாலர் இருக்குதாமா?" என்றார் புஷ்பலதா.

"வேல் டாலராம்."

"வேலோட முனை?"

"ஆங், ஒடிஞ்சிருக்குதாம். அத்த வெச்சித்தான் அதே சங்கிலின்னு சொல்றாங்க. உங்களுக்கு எப்டி மேடம் தெரியும்?"

புஷ்பலதா எழுந்து கடை ஷட்டரை இறக்கினார். ஐந்து வருஷப் பழக்கத்தில், பகல் ஒரு மணிக்கு அந்த ஷட்டர் இறங்கி ஹேமநாதன் பார்த்ததில்லை.

பொதட்டூர்பேட்டை சாலையில் ஆட்டோ அரை மணி நேரம் ஓடியது. பின்சீட்டில் புஷ்பலதாவும் கல்பனாவும்.

ஏரிக்கரைக் கண்டிகை அவுட்போஸ்ட் என்பது ஒரு அறை, ஒரு வராந்தா, ஒரு வேப்பமரம். வீராசாமி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பக்கத்திலேயே பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். பதினோரு வருஷத்தில் அரசாங்கம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது.

மேஜைக்கு அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் சந்திரா. சின்ன வயசு, தூக்கம் போதாத கண். இந்தப் பக்கம் சபாரி உடுப்பில், சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி பிரேம்குமார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து இந்தக் கேஸைக் கட்டியவர், இப்போது ரிட்டயர்டு. ஹைகோர்ட் தீர்ப்பில் அவரைப் பற்றி நாலு பத்தி இருந்தது, நாலும் திட்டு. துறை விசாரணை வந்திருக்கிறது, பென்ஷன் நிற்கும் போலிருக்கிறது. இன்றைக்கு அவர் முகத்தில் அந்தக் கவலை எதுவும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸுக்கு அடியில் வீராசாமியின் லேமினேஷன் பக்கம் இருந்தது.

"வாங்க டைப்பிஸ்டம்மா. உக்காருங்க. இத்தப் பாருங்க," என்று ஒரு பிளாஸ்டிக் உறையைத் தள்ளினார் பிரேம்குமார். உள்ளே சங்கிலி. "இது நீங்க டைப் அடிச்ச ரெக்கார்டு தான்." ஒரு ஜெராக்ஸைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல வாசித்தார். "'ஒன்றரை சவரன் முறுக்குச் சங்கிலி ஒன்று. வேல் டாலர். வேலின் முனை ஒடிந்தது.' அச்சு அசல். அடையாளம் காட்டறதுக்கு அந்தம்மாவுக்கு சொந்தபந்தம் யாரும் இல்ல. இந்தப் பேப்பருதான் சாட்சி."

"தோண்டணும்னு யாரு சார் சொன்னது?" என்றான் ஹேமநாதன்.

"யாரோ எனக்குப் போன் பண்ணாங்க. பேரு சொல்லல."

"நல்லது பண்றவங்க பேரு சொல்ல மாட்டாங்க சார். உண்டியல்ல போடறவங்க மாதிரி."

"நீ யார்ரா?"

"ஆட்டோ சார். மீட்டர் ஓடல, வாய்தான் ஓடுது."

கல்பனா குறுக்கே வந்தாள். "அந்த வூட்டு சாவி எங்கிட்டதான் கீது. பூட்டு ஒடைஞ்சி தொங்குது. யாரு ஒடைச்சது?"

"தோண்டறதுக்கு முந்தியே ஒடைஞ்சிதாம்மா இருந்துச்சு," என்றார் சந்திரா. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒரு தரம் யோசித்தார்.

வீராசாமி அப்போதுதான் வாயைத் திறந்தான். குரல் உயரவில்லை. "தாயம்மா எனக்குச் சோறு போட்டவங்க. அவங்கள யாரு கொன்னதுன்னு இத்தினி வருஷத்துல இங்க ஒருத்தரும் கேக்கல. சங்கிலிய மட்டும் தேடிகினு இருந்திருக்கீங்க."

"நீ இருக்கிறப்ப எதுக்குப்பா வேற ஆளைத் தேடணும்?" என்றார் பிரேம்குமார்.

புஷ்பலதா உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேல் டாலரைப் பார்க்கவில்லை, சங்கிலியின் கொக்கியைப் பார்த்தார். கீழே வைத்தார். சந்திராவிடம், "அஞ்சுக்குத்தானே வேனு? நாலரைக்கு வரேன். அது வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார்.

"எதுக்கும்மா?"

"போட்டுட்டு பின்னால வருத்தப்படறது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கல்பனா அங்கேயே நின்றுவிட்டாள். ஹேமநாதன் வண்டியைத் திருப்பினான்.

"இன்னாக்கா பாத்தீங்க அந்தக் கொக்கியில?"

"பாத்தது ஒன்னுமில்ல. பாக்காததுதான். கடையில வாங்குற நகையில இப்பல்லாம் முத்திரை நம்பர் இருக்குது. என்னைக்கு வாங்கினாங்க, யாரு வாங்கினாங்கன்னு புடிச்சிடலாம். முத்திரை இல்லாம புதுசா ஒரு முறுக்குச் சங்கிலி வேணும்னா இன்னா பண்ணுவே?"

"பழசா இருந்தா? அதுக்கும் முத்திரை இருக்காதே."

"பழசில்ல."

"அதெப்டி அடிச்சி சொல்றீங்க?"

"சொல்றேன் இல்ல. ஆசாரி யாருகிட்ட போவே, அதைச் சொல்லு."

ஹேமநாதன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். கேஸ் கையில் இருக்கும்போது இந்த அம்மாளுக்கு ஒரு சிரிப்பு வரும், ஓரமாக. இன்றைக்கு அது இல்லை. "கையால முறுக்குறவரு திருத்தணியில ஒருத்தருதான் மிச்சம். பாலமுருகன் ஆசாரி," என்றான்.

பாலமுருகன் ஆசாரியின் பட்டறை, பெரிய நகைக்கடை இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சந்து. உள்ளே உட்கார்ந்தால் மலை தெரியும். வாசலுக்கு நேர் எதிரே கம்பத்தில் புதுசாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'நேர்மையின் சிகரம்' விருது பெறும் பிரேம்குமாருக்குப் பாராட்டு விழா, ஞாயிறு மாலை. படத்தில் அவர் இரண்டு ஆள் உயரம் இருந்தார்.

"சிகரம்னா இதுதான் போல," என்றான் ஹேமநாதன். "மலைக்கு முன்னாடி நின்னு மலையவே மறைக்குது."

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "வாங்கம்மா. ஏதாச்சும் செய்யணுமா?"

"செஞ்சது ஒன்னு கேக்க வந்தேன்," என்றார் புஷ்பலதா. "ஒன்றரை சவரன் முறுக்குச் சங்கிலி. வேல் டாலர். வேலோட முனை ஒடிஞ்சிருக்கணும்."

ஆசாரி எழுந்து வாசலைப் பார்த்தார், உட்கார்ந்தார். "முனை ஒடிஞ்சி நான் செய்யலம்மா," என்றார் மெதுவாக. "முழுசாத்தான் செஞ்சேன். ஒருத்தரு பழைய வளையல் ஒன்னைக் குடுத்து அழிச்சி செய்யச் சொன்னாரு. ஒரு மாசம் ஆவுது. செஞ்சி குடுத்தேன். அப்புறம் சொல்றாரு, இந்த முனையை ஒடிச்சிக் குடுன்னு."

"ஒடிச்சீங்களா?"

"நானா?" ஆசாரி நிஜமாகவே புண்பட்டுப்போனார். "அந்த மலையைப் பாத்துகினு உக்காந்து தொழில் பண்றவன் நான். என் பேரு வேற இன்னா பேரு, சொல்லுங்க. வேலைச் செய்யச் சொன்னா செய்வேன். ஒடிக்கச் சொன்னா இன்னா அர்த்தம்? கூலி வேணாம், கெளம்புங்கன்னுட்டேன். அந்த ஆளு என் குறடையே எடுத்து, இதோ இந்த எடத்துல நின்னு, பட்டுனு ஒடிச்சாரு. துண்டு அந்த மூலையில போய் வுழுந்துச்சு. தேடக்கூட இல்ல. போயிட்டாரு."

"ஒடிச்ச துண்டை இன்னா பண்ணீங்க?" என்றார் புஷ்பலதா.

"ஒரு ராத்திரி பூரா வெளக்கு வெச்சித் தேடினேன். உருக்கலாமா? சாமி பொருளு. வெளிய போடலாமா? போடக்கூடாது." ஆசாரி சாமி மாடத்திலிருந்து ஒரு விபூதிச் சம்புடத்தை எடுத்துத் திறந்தார். விபூதிக்கு நடுவே அரிசி அளவு ஒரு தங்கத் துண்டு. "நாளைக்குக் கிருத்திகை. மேல போய் உண்டியல்ல போட்டுட்டா என் பாரம் தீந்துதுன்னு இருந்தேன்."

இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் வீராசாமியின் வாழ்க்கை உண்டியலுக்குள் விழுந்திருக்கும்.

"ஒடிச்ச ஆளு யாரு?"

ஆசாரி குறடை எடுத்து, பின்னால் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே நீட்டினார். குறடின் நுனி நேராக நேர்மையின் சிகரத்தின் மூக்கில் போய் நின்றது.

"இந்த ஊருல எனக்குப் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க இருக்குது தாயீ," என்றார்.

"அங்க ஒருத்தனுக்குப் பொண்டாட்டி இல்ல. அவன் உள்ள இருக்கறப்பவே செத்துட்டா," என்றார் புஷ்பலதா.

ஆசாரி சம்புடத்தை மூடினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். சம்புடத்தை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டோவில் ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியிலேயே விட்டார்.

"இது ஆட்டோங்க," என்றான் ஹேமநாதன்.

"மடியில இருக்கறது யாருன்னு பாருப்பா," என்றார் ஆசாரி.

நாலு இருபத்தைந்துக்கு அவர்கள் உள்ளே நுழைந்தபோது வீராசாமி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பிரேம்குமார் இரண்டாவது டீயில் இருந்தார். ஆசாரியைப் பார்த்ததும் டீ கிளாஸ் வாய்க்கும் மேஜைக்கும் நடுவே நின்றது.

ஆசாரி சொல்ல வேண்டியதைச் சொன்னார். சந்திரா ஒரு வெள்ளைத் தாளில் டாலரை வைத்து, பக்கத்தில் அந்தத் துண்டை நகர்த்தினார். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு முழு வேல் ஆயிற்று.

ஹேமநாதன் கதை முடிந்தது என்று நினைத்தான். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் முப்பது வருஷம் போலீஸில் குப்பை கொட்டியவருக்குப் பொய் என்பது சட்டையில் பட்டன் மாதிரி; ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்.

"ரொம்ப நல்லா ஜோடிச்சிருக்கீங்க," என்றார் பிரேம்குமார். "வுழுந்த துண்டு மாதிரியே ஒரு ஆசாரி இன்னொரு துண்டு செய்ய எவ்ளோ நேரம் ஆவும்? பணம் குடுத்தா பத்து ஆசாரி வருவான். சந்திரா, கோர்ட் ரெக்கார்டைப் பாரும்மா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முனை ஒடிஞ்சதுன்னு இருக்குது. போன மாசம் ஒடிச்சதா இருந்தா அன்னைக்கே எப்டி எழுதியிருப்பாங்க?"

சந்திராவின் பேனா தயங்கியது. அது சரியான கேள்விதான். ஹேமநாதன் புஷ்பலதாவைப் பார்த்தான்.

"முனை ஒடிஞ்சதை நீங்க பாத்தீங்களா சார்?" என்றார் புஷ்பலதா.

"பாத்தேனாவா? கூண்டுல ஏறி சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தம்மா உயிரோட இருக்கறப்ப, தறி விஷயமா ஸ்டேஷனுக்கு வந்தாங்க. கழுத்துல அந்த ஒடிஞ்ச வேலை நானே பாத்தேன். ஜட்ஜே என் ஞாபகசக்தியைப் பாராட்டி தீர்ப்புல எழுதியிருக்காரு."

"தெரியும். அதையும் நான்தான் டைப் அடிச்சேன்." புஷ்பலதா சந்திராவிடம் திரும்பினார். "அந்த வருஷத்து எஃப்.ஐ.ஆர். புக்கு பீரோவுல இருக்கும். கையால எழுதினது. எடுங்கம்மா."

பீரோ திறக்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. தூசியைத் தட்டி, பக்கத்தைத் தேடி, சந்திரா வாசித்தார். "'ஒன்றரை சவரன் மதிக்கத்தக்க, டாலர் கோக்காத முறுக்குச் சங்கிலி ஒன்று.'" நிமிர்ந்தார். "சார், இது உங்க கையெழுத்து."

"டாலரே இல்ல," என்றான் ஹேமநாதன். "ஒடியறதுக்கு வேலே இல்ல."

"அவசரத்துல மறந்து எழுதியிருப்பேன். அதுக்கு இன்னா?"

"எஃப்.ஐ.ஆர்ல மறந்துட்டீங்க. கூண்டுல ஞாபகம் வந்துச்சு. நடுவுல இன்னா நடந்துச்சுன்னு நான் சொல்றேன்," என்றார் புஷ்பலதா. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல நான் டைப் அடிச்சேன். அதுக்கு முந்தின நாளு பள்ளிப்பட்டு கேஸ் ஒன்னு. சந்தையில சங்கிலி அறுத்தது. வேல் டாலர், முனை ஒடிஞ்சது. அது அந்தப் பள்ளிப்பட்டு அம்மாவோட சங்கிலி. புது லிஸ்ட் அடிக்கறதுக்குப் பழைய ஃபைலையே தொறந்து அது மேலயே மாத்தி அடிக்கறது என் பழக்கம். பேரை மாத்தினேன். எடையை மாத்தினேன். ஒரு வரியை அழிக்க மறந்துட்டேன்."

சந்திரா எஃப்.ஐ.ஆர். புத்தகத்தையும் ஜெராக்ஸையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அது தாயம்மா டாலரும் இல்ல, எந்த டாலரும் இல்ல. என் தப்பு அது. அந்தத் தப்பைத்தான் இவரு கண்ணால பாத்தேன்னு கூண்டுல சத்தியம் பண்ணாரு. அந்தத் தப்பைத்தான் இப்ப ஆசாரிகிட்ட தங்கத்துல செஞ்சி வாங்கியிருக்காரு. உண்மையான சங்கிலி எப்டி இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல. பேப்பரைப் பாத்து செஞ்சிருக்காரு."

பிரேம்குமார் எழுந்தார். "சார், உக்காருங்க," என்றார் சந்திரா. குரலில் தூக்கம் இல்லை. "போனை மேஜை மேல வைங்க."

வெளியே வேன் வந்து நின்றது. ஹேமநாதன் எட்டிப் பார்த்தான். "சரியா அஞ்சு மணி. கவர்மெண்டு டீசல் வீணாவக் கூடாது சார். உங்களுக்கு ஜன்னலோர சீட்டு கேக்கறேன்."

அவன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கல்பனா புஷ்பலதாவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், இந்த ஆளு கூண்டுல அத்த சொன்னப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

"கீழ உக்காந்து டைப் அடிச்சிகினு இருந்தேன்."

"பொய்யின்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும். அந்த வரி வாயிலேந்து வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் எழுந்து சொல்லியிருந்தா அவரு சாட்சி அங்கியே வுழுந்திருக்கும்."

"ஏன் சொல்லல?"

"தப்பா அடிச்சதுக்கு மெமோ குடுப்பாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்றார் புஷ்பலதா.

கல்பனாவுக்குச் சிரிப்பு போல ஏதோ வந்தது. "எங்கம்மா பொணத்தைப் பாக்கக்கூட நைனாவை வுடல. மெமோவா." அப்பாவை நைனா என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. சுவரோரம் நின்றவன் கவனித்தான்.

ஹேமநாதன் ஐந்து வருஷமாக ஊரில் ஒவ்வொருத்தனையும் எள்ளி நகையாடியிருக்கிறான். டீக்கடைக்காரர், காவடிக்கடைக்காரர், இந்தச் சிகரம். அந்த வரிசையில் அக்காவை எங்கே நிறுத்துவது? வாங்காத அந்த இருபது ரூபாய் மட்டும் இப்போது புரிந்தது.

"எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்றார் சந்திரா. "உங்க பென்ஷனுக்கும் வரும். யோசிச்சிக்கங்க."

"அதை யோசிச்சிதான் பதினோரு வருஷம் போச்சு," என்று புஷ்பலதா மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

அப்போது வீராசாமி நகர்ந்தான். மேஜைக்கு வந்து, டீ கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்து, தன் லேமினேஷன் பக்கத்தை எடுத்து, வட்டமாகப் படிந்திருந்த டீக்கறையைச் சட்டை நுனியால் துடைத்தான். பையில் வைத்துக்கொண்டான். ஒரு நாற்காலியை இழுத்து, யாரும் சொல்லாமலேயே, புஷ்பலதாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"அடிங்கம்மா," என்றான். "பழைய ஃபைலு வேணாம். புதுசா தொறங்க."

அவர் அடித்தார். ஒவ்வொரு வரியையும் அவன் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தான். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"'கவனக்குறைவால் நேர்ந்த பிழை.'" மறுபடி வாசித்தான். "கவனக்குறைவுங்கறது மொத நாளுக்கு சரிம்மா. மீதி பதினோரு வருஷத்துக்கு இன்னா போடுவீங்க?"

புஷ்பலதா அந்தச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். 'என் வேலைக்குப் பயந்து நான் மறைத்த பிழை' என்று அடித்தார்.

வீராசாமி அதை இரண்டு தரம் வாசித்தான். தலையை ஆட்டினான்.

"ரெண்டு காப்பி எடுங்க. ஒன்னு அவங்களுக்கு. இன்னொன்னை எனக்கு லேமினேஷன் போட்டுக் குடுங்க." சட்டைப்பையைத் தடவி, மடங்கிப்போன இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்த வாட்டி வாங்கிக்கணும்."